பனமின்ட் மலைத்தொடர்: போய் வந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் பேட்வாட்டர் உப்புத் தரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மேற்கே நிற்கும் பனமின்ட் மலைக்கும் ஏறிப் பாருங்கள். உப்புத் தரை கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே; அங்கிருந்தே 11,000 அடி தாண்டிய டெலஸ்கோப் சிகரம் தெரியும். கீழே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மேலே போனால் பின்யான் பைனும் ஜூனிபரும் காடாக வளர்ந்திருக்கும். அந்தக் காட்டை நம்பித்தான் சுரங்கக்காரர்கள் வந்தார்கள்.

வைல்ட்ரோஸ் பள்ளத்தாக்கில் 1877-இல் கட்டிய பத்துக் கரிச்சூளைகள் வரிசையாக நிற்கின்றன. சுமார் 25 அடி உயரம், கூம்பு வடிவம், எல்லாம் கல் கட்டடம். உள்ளே சுவர் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கல்லருகே மூக்கைக் கொண்டுபோனால் இன்னும் புகை வாசம் அடிக்கிறது! வெள்ளி, ஈயத் தாது உருக்கிய உலை இங்கே இல்லை; மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளி ஆர்கஸ் மலையில் இருந்தது. அங்கே விறகு இல்லாததால் இங்கிருந்து கரி போனது. சில வருடங்களிலேயே சூளைகள் அணைந்துவிட்டன. ஆனால் கரிக்காக வெட்டிய பின்யான் மரத்தின் கொட்டைதான் இந்த மண்ணின் பூர்வகுடிகளான திம்பிஷா ஷோஷோனி மக்களின் குளிர்காலச் சாப்பாடு. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

---

விறகு கதை சரி அண்ணா, தண்ணீர் கதைக்கு இதே மலையில் இருந்த ஸ்கிடூ என்ற சுரங்க ஊருக்குப் போகணும். 1906-இல் அங்கே தங்கம் கிடைத்தது, ஆனால் சொட்டுத் தண்ணீர் இல்லை. டெலஸ்கோப் சிகரத்துக்குப் பக்கத்து ஊற்றிலிருந்து 20 மைலுக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். தாது இடிக்கும் ஆலையை ஓட்டியதே அந்தத் தண்ணீர்தான். ஊர் போய்விட்டது, ஆலை சரிவில் நிற்கிறது. குழாய் போன தடம் மலைமேல் கோடாகத் தெரிகிறது. திறந்த சுரங்கக் குழிகள் நிறைய உண்டு, பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

---

நான் சர்ப்ரைஸ் பள்ளத்தாக்கு வழியாகப் பனமின்ட் சிட்டிக்கு நடந்தேன். வெள்ளிக்காக 1870-களில் எழுந்த ஊர்; 1876-இல் வந்த காட்டாற்று வெள்ளம் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. 1984 வெள்ளத்தில் ரோடும் போனதால் இப்போது நடைதான். உலையின் செங்கல் புகைபோக்கி மட்டும் நெடுநெடுவென்று நிற்கிறது. மேகம் திரண்டால் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கவே இறங்காதீர்கள்.