பாட்டு வகுப்பில் 46 பிள்ளைகள், போட்டிக்கு எட்டுப் பேர் போதுமாம்

பள்ளத்தூர் பாட்டு டீச்சர்:
காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேரப் பாட்டு ஆசிரியை நான், வாரத்துக்கு மூன்று அரைநாள். ஆறு முதல் எட்டு வரை 46 பிள்ளைகள், ஒரே அறை, ஒரே சுருதிப் பெட்டி. நாலைந்து பேர் வெளியே கற்று மேல்பாடமான வர்ணம் வரை வந்துவிட்டார்கள், மற்றவர்களுக்கு முதல் பாடமான சரளி வரிசையே தடுமாற்றம். கலைத் திருவிழா வருகிறதே, நன்றாகப் பாடும் எட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நூலகத்துக்கு அனுப்புங்கள் என்று மேலே சொன்னார்கள், அனுப்பினேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே முணுமுணுத்துக்கொண்டு நின்றான். சுருதி சேரவே இல்லை, ஆனால் தொடையில் போட்ட தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. மனசே சரியில்லை. இன்னொரு பக்கம், வர்ணம் பாடும் பெண்ணின் அம்மா "ஆறு மாசமா ஸரிகம-வே பாடிக்கிட்டிருக்கா டீச்சர்" என்கிறார். அதுவும் நியாயம்தானே?

தேவகோட்டை தவில் வீடு:
அந்தத் தம்பி கையில் முதலில் ஒரு கஞ்சிராவைக் கொடுங்க டீச்சர். மற்றதை அப்புறம் பேசலாம்.

குன்றக்குடி நடைக்காரன்:
அவன் எட்டாம் வகுப்பா? குரல் உடைகிற வயசு. பெண் பிள்ளைகளுக்குத் தோதான, உயரமான ஐந்து கட்டைச் சுருதியில் அவனையும் பாடச் சொன்னால் எப்படிச் சேரும்? என்னை அந்த வயசில் "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று மேடையில் பின்வரிசையில் நிறுத்தினார்கள். இருபது வருஷம் கோயிலில்கூட வாய் திறக்கவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும்போதுதான் மறுபடி பாடினேன், அங்கே ஒருவர் எடுத்துக் கொடுப்பார், கூட்டம் வாங்கிப் பாடும், தப்பாகப் பாடுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எடுத்துக் கொடுக்கிறவருக்கு மட்டும் நல்ல சாரீரம் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நடைக்காரர் சொல்வது அழகு, ஆனால் பாதிதான். எல்லாருக்கும் ஒரே பாடம் என்று வைத்தால் வசதியான வீட்டுப் பிள்ளை மாலையில் டியூஷனில் சரிக்கட்டிக்கொள்ளும். நல்ல ஞானம் இருந்து காசில்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் ஏது? அதனால் மேல்பாடம் கட்டாயம் வேண்டும், மற்றவர்களை வெளியே அனுப்பித்தான் அதைத் தர வேண்டும் என்பதில்லை.

ஒரு வழி சொல்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து எம்.எஸ்.வி. மெட்டமைத்த மோகன ராகம், 46 பேருக்கும் தினமும் காலையில் வாயில் வருவது. அந்த ஐந்து ஸ்வரத்தையே, ஸ ரி க ப த, எல்லாருக்கும் வரிசையாகப் பாடிக் காட்டுங்கள். வர்ணக்காரப் பெண் வாழ்த்தின் ஸ்வரத்தைக் காதால் கேட்டுத் தானே எழுதட்டும், அப்புறம் பக்கத்து ராமநாதபுரத்துப் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்துக்குப் போகட்டும். வகுப்புக்கு ஒரே ராகம்தான், படி மட்டும் வேறு வேறு. போட்டிப் பயிற்சியை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம் தனியாக வையுங்கள், பாட்டு பீரியடில் கைவைக்காதீர்கள்.

கோட்டையூர் அம்மா:
சிவகங்கையில் அரசு இசைப்பள்ளி இருக்கிறதே, அங்கே அனுப்பலாமே?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அது மூன்று வருஷ முழுநேரப் படிப்பும்மா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒத்துவராது. 5 முதல் 16 வயது வரை என்றால் பிள்ளைகளுக்குக் கலைப் பயிற்சி தருகிற ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள்.

பள்ளத்தூர் பாட்டு டீச்சர்:
பத்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெட்டியை இறக்கி ஒன்றரைக் கட்டையில் வைத்தேன், அவனோடு இன்னும் நாலு பையன்கள் சேர்ந்துவிட்டார்கள், பெண் பிள்ளைகள் அடிவயிற்றிலிருந்து பாட வேண்டியிருக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அதனால் ஒரு நாள் அவர்கள் சுருதி, ஒரு நாள் இவர்கள் சுருதி. கஞ்சிரா இன்னும் கிடைக்கவில்லை, அதுவரை டெஸ்கைத் தட்டுகிறான். மேலே இன்னும் எட்டுப் பேர் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏழு எழுதிவிட்டேன்.