இன்டேக் மாற்றியதும் லீன் கோட்: ட்யூனிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் டர்போ பெட்ரோல் காரில் போன வாரம் கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்கு வெளிக்காற்றைக் குளிர்ச்சியாக இழுத்துத் தரும் குழாய்) மாட்டினேன். இரண்டே நாளில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 (லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்னும் கோட்), லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (அந்தக் குறையை ஈடுகட்ட எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டும் அளவு) +18%.

புதுக் குழாய் ஒரிஜினலைவிட அகலம். அதனால் உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் காற்று மெதுவாகக் கடக்கிறது. ஈசியூ குறைவான காற்று என்று கணக்கிட்டுப் பெட்ரோலைக் குறைக்கிறது என்பது என் ஊகம். சென்சாருக்கு அப்புறம் கசிவு இருந்தாலும் இதே கோட் வரும்தான். ஆனால் ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் ட்ரிம் கிட்டத்தட்ட ஒன்றே. கசிவென்றால் ஆர்பிஎம் ஏறும்போது குறைய வேண்டுமே?

சென்சார் ஸ்கேலிங்கை (சென்சார் சிக்னலைக் காற்றளவாக மாற்றும் கணக்கை) மட்டும் திருத்தினால் போதுமா, ஈசியூவின் முழு மேப்பும் (பெட்ரோல், இக்னிஷன் அட்டவணைகள்) மாற்ற வேண்டுமா? பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) லீனாக ஓடி பிஸ்டன் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதுவரை பழைய ஏர்பாக்ஸையே மாட்டிவிடட்டுமா?