பைபோலார்: தம்பிக்கு முடிவெடுக்க முடியவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

என் தம்பிக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய். அதற்கு லித்தியம் என்ற மருந்து எடுக்கிறான். எட்டு மாதமாக மேனியாவும் (அளவுமீறிய உற்சாக நிலை) இல்லை, மனச்சோர்வும் இல்லை. ஆனாலும் "மூளை பழையபடி ஓடலக்கா" என்கிறான். நேற்று ஒரு போன் வாங்க உட்கார்ந்தவன், இரண்டு மாடல்களின் விவரத்தையும் தாளில் எழுதினான், அடித்தான், திரும்ப எழுதினான். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். மேனியாவில் சேமிப்பு முழுவதையும் ஒரே வாரத்தில் கரைத்தவன் அவன். அந்தப் பயமும் சேர்ந்துதான் இப்போது கையைக் கட்டிப் போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மனநிலை சீரான காலத்திலும் கவனம், கேட்டதை நினைவில் வைப்பது, திட்டமிடுவது ஆகியவற்றில் பலருக்குத் தொய்வு இருக்கும் என்றார் டாக்டர். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவதை அன்றோடு நிறுத்தினோம். லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறையலாம், அதுவும் மந்தத்தைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்தோம். தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். 2.4, ரத்தத்தில் லித்தியம் அளவு 0.7, இரண்டும் சரி. தூக்கம்தான் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை.

நினைவாற்றல், திட்டமிடலுக்கான பயிற்சி சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அன்றாட வேலைகளில் மாற்றம் தெரிந்ததா? பெரிய செலவு என்றால் 48 மணி நேரம் பொறுத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிவெடுப்பது என்று பேசி வைக்கலாமா என யோசிக்கிறேன். அவன் மனம் நோகாமல் இதை எப்படி ஆரம்பிப்பது? பைபோலார் உள்ளவர்களே சொன்னால் எனக்கு இன்னும் நன்றாகப் புரியும். மருந்து விஷயத்தை மட்டும் டாக்டரிடமே பேசிக்கொள்கிறோம்.