மோனோ பூச்சிமருந்துக்குத் தமிழ்நாட்டில் ஏன் வெறும் 60 நாள் தடை?

கரிசல்_பருத்தி:
2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் (மோனோ), புரொபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உட்பட 6 பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது ஞாபகம் இருக்கும். மருந்து குடித்துச் சாகிறவர்கள் அதிகம், அதைக் குறைக்கத்தான் என்றார்கள். நாள் முடிந்ததும் எங்கள் ஊர்க் கடையில் பழையபடி அடுக்கிவிட்டார்கள். 60 நாள் விஷம், 61ஆம் நாள் மருந்தா? அரசுக்கு மனசில்லையா, இல்லை யாராவது தடுக்கிறார்களா?

சட்டப்புள்ளி:
மனசு இருந்தாலும் முடியாதுங்க. 1968ஆம் வருட பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் மாநில அரசுக்குக் கொடுத்திருப்பது 60 நாள், விசாரணை முடியவில்லை என்றால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான். மருந்தின் பதிவை, அதாவது நாட்டில் விற்பதற்கான அனுமதியை, ரத்து செய்வது டெல்லி கையில். 2017இல் யவத்மாளில் பருத்திக்கு மருந்து அடித்தே 20 பேருக்கு மேல் செத்தார்கள், அப்போதும் மகாராஷ்டிராவால் போட முடிந்தது 60 நாள் தடைதான். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் பெயருக்கு.

வெட்டிப்பேச்சு:
சரி, டெல்லி என்ன கிழித்தது? வெளிநாட்டில் தடையான 66 மருந்துகளை இங்கே வைத்திருக்கலாமா என்று பார்க்க 2013இல் அனுபம் வர்மா குழு போட்டார்கள். 2020 மே மாதம் 27 மருந்துகளுக்குத் தடை என்று வரைவு வந்தது. கம்பெனிக்காரர்கள் உடனே எதிர்த்தார்கள். இவையெல்லாம் காப்புரிமை முடிந்த மலிவு மருந்துகள், ஏற்றுமதியும் இதில்தான், தடை போட்டால் விவசாயி விலை கூடிய வெளிநாட்டுச் சரக்கைத்தான் வாங்கணும் என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. 2023இல் அந்த 27, டைகோபால், டினோகாப், மெத்தோமில் என்று மூன்றாகச் சுருங்கிவிட்டது. ஏன் மூன்று மட்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது.

கம்பம்_திராட்சை:
கேரளா 2011லேயே மோனோ, போரேட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஆனால் மலைக்கு இந்தப்பக்கம் விற்றால் அந்தப்பக்கம் போகாமலா இருக்கும், ஏலத்தோட்டத்துக்கு வாங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மாநிலம் மட்டும் பூட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை.

நெல்லுக்காரன்:
60 நாளை ஒன்றுமில்லை என்று தள்ளாதீர்கள். பாசுமதியில் மருந்து எச்சம் கூடினால் ஏற்றுமதி அடிபடும் என்று பஞ்சாப் அதே பிரிவை வைத்து 2023 ஆகஸ்ட் 1இலிருந்து 10 மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது, சரியாக அறுவடைக்கு முந்தைய சமயத்தில். வெளிநாட்டுக்காரன் தட்டுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர்கள், டேங்க்கை முதுகில் மாட்டுகிற ஆளுக்கும் பார்க்கலாமே. இங்கேயும் பருத்திக்கு மருந்து அடிக்கிற மாதங்களில் வருஷாவருஷம் போட எது தடுக்கிறது? அந்தக் கேள்வியைச் சென்னையைப் பார்த்துத்தான் கேட்கணும்.

சட்டப்புள்ளி:
போடலாம்தான். ஆனால் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் காரணம் காட்டணும். அப்புறம் கரிசல் அண்ணே, மோனோ 36 சதவீதத் திரவத்தையும் 2023இல் மத்திய அரசே நிறுத்தச் சொல்லியாச்சு, பழைய சரக்கை மட்டும் காலாவதி வரை விற்க விட்டார்கள். இப்போதும் கடையில் இருந்தால் பாட்டிலில் தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிட்டு வேளாண் அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்.