சிந்தாமைக்கூடா, வழிமைக்கூடா?

> பணி ஓய்வின்போது நண்பர்கள் தந்த பரிசு இது. உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி, மேலே கருந்தோல். பொத்தானை அழுத்தினால் மூடி துள்ளித் திறக்கிறது. உள்ளே இன்னொரு மூடி, அதனடியில் கண்ணாடிப் புட்டி. அடிப்பக்கப் பித்தளையில் சாய்சதுர முத்திரை ஒன்று இருக்கிறது. இது என்ன? 'வழிமைக்கூடு' என்று சொல்லலாமா?

ஐயா, வணக்கம்.

பொருளில் குழப்பமில்லை. தொட்டெழுதும் பேனாவின் காலத்தில், பயணம் போகிற இங்கிலாந்துக்காரர் பையில் போட்டுக்கொண்ட மைக்கூடு இது. முத்திரை இன்னும் கொஞ்சம் சொல்லும். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை, பதிவுசெய்த வடிவங்களுக்கு அந்தச் சாய்சதுரத்தைப் பொறித்தார்கள். உச்சி வட்டத்தில் 'I' என்ற ரோம எண் இருந்தால் உலோகப் பொருள் என்று அர்த்தம். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். 1884 முதல் சாய்சதுரம் போய் வெறும் பதிவெண் வந்துவிட்டது. உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கிடைப்பது வடிவம் பதிவான நாள்தான், உங்கள் கூடு செய்யப்பட்ட நாள் அன்று.

இனி சொல்லுக்கு வருகிறேன். நம்மிடம் இதற்குப் பழஞ்சொல் தேடிப் பயனில்லை. ஓலையில் கீறிவிட்டுப் பிறகு கரி தடவியவர்களுக்கு மையைச் சுமந்து நடக்கும் தொல்லையே இல்லை. அவர்கள் மடக்கியது எழுத்தாணியை. அதனால் 'மடக்கெழுத்தாணி' கிடைத்தது. மடக்குவதைச் சொன்னதும் பயணம் தானாகப் புரிந்துவிடுகிறது, பாருங்கள். நாமும் அந்த வழியில்தான் போக வேண்டும்.

உங்கள் 'வழிமைக்கூடு' வழிச்செலவு, வழித்துணை போல அழகாகத்தான் தொடங்குகிறது. ஆனால் அதை வினைத்தொகையாகப் படித்துப் பாருங்கள்: வழிகிற மை! செய்தவன் கேட்டால் அழுதுவிடுவான். முன்பு இங்கே ஒருவர் சொன்ன 'மைச்சிமிழ்' கண்மைக்குப் போய்விடும். 'செலவு மைக்கூடு' சங்கத் தமிழில் சரி, அங்கே செலவு என்றால் பயணம். இன்றைக்குக் கணக்குப்பிள்ளைதான் வருவார்.

என் பரிந்துரை 'சிந்தாமைக்கூடு'. சிந்தா + மைக்கூடு என்று பிரித்தால் சிந்தாத மைக்கூடு. சிந்தாமை + கூடு என்று பிரித்தால் சிந்தாதிருத்தலுக்கென்றே அமைந்த கூடு. எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடவில்லை. கலைச்சொல்லில் இந்த வாய்ப்பு எப்போதாவதுதான் அமைகிறது. வாய்ப்பகுதி புனல்போல் உள்ளே இறங்கும் மேசை மைக்கூடும் கவிழ்ந்தால் சிந்தாதல்லவா என்று யாரேனும் கேட்பீர்கள். அதற்குப் 'புனல் மைக்கூடு' என்ற பெயரே போதும். மேலும் அது மேசையில் சாய்ந்தால்தான் தாங்கும், பையில் குலுங்கினால் தாங்காது. உங்களுடையதில் வில் வைத்த வெளிமூடி, அதன் அழுத்தத்தில் உள்மூடி, இரண்டுக்கும் கீழே வாஷர். மையை அடக்குவது அந்த இறுக்கம்தான்.

உறுப்புகளுக்கு வெளிமூடி, உள்மூடி, அழுத்துவில் என்பவை போதும். வாஷர் வாஷராகவே இருக்கட்டும். அதைத் தமிழாக்கினால் பட்டறையில் யாருக்கும் புரியாது.

மை ஊற்றிச் சோதிக்க வேண்டாம். பழைய வாஷர் இறுகிப் போயிருக்கும்.

> சிந்தாமைக்கூடு எனக்குப் பிடித்திருக்கிறது. என் மனைவி முதலில் சிந்தாமணிக்கூடு என்று படித்தார். ஆண்டெழுத்து வலது மூலையில் இருக்கிறது. எந்த எழுத்து என்று நாளை சொல்கிறேன். உங்கள் எச்சரிக்கையைப் படிப்பதற்கு முன்பே மை ஊற்றிவிட்டேன். இப்போதைக்கு என்னுடையது வழிமைக்கூடுதான், மேசைவிரிப்பு சாட்சி.