நடுவில் பெட்டி இல்லாமல் நடுவில் யார் பாடுவது?

வால்வுராசா:
சென்டர்சாமி நேற்று நம் மன்றத்தின் வேறொரு திரியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "நடு ஸ்பீக்கர் இல்லாத ஸ்டீரியோ அரை ஸ்டீரியோ, அதில் இட உணர்வே வராது." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஸ்டீரியோவுக்கு வழிபோட்ட ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரில் காப்புரிமை கேட்டு எழுதியபோதே இரண்டு ஸ்பீக்கரை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இரண்டிலும் ஒரே அளவில் குரல் வந்தால் ஆள் நடுவில் நிற்பார், ஒரு பக்கம் கூட்டினால் அந்தப் பக்கம் நகர்வார். இதற்குமேல் என்ன வேண்டுமாம்?

சென்டர்சாமி:
1933 ஏப்ரல் 27. பிலடெல்பியாவில் இசைக்குழு வாசிக்கிறது, வாஷிங்டன் அரங்கில் கேட்கிறார்கள். அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியின் பெல் ஆய்வகத்து ஹார்வி ஃப்ளெட்சர் எத்தனை சேனல், அதாவது தனித்தனி ஒலித்தடம், அனுப்பினார்? மூன்று. இடது, நடு, வலது. நடு!

வால்வுராசா:
அது அரங்கம், தம்பி. என் வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 60 பாகை வருகிற மாதிரி முக்கோணத்தின் உச்சியில் போட்டிருக்கிறேன். பாடகி கண்ணெதிரே நிற்கிறார்.

சென்டர்சாமி:
தம்பி என்று அழைக்க வேண்டாம், எனக்குப் பேரன் இருக்கிறான். அந்த நாற்காலியைப் பக்கவாட்டில் 30 செ.மீ. நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்க ஒலி ஏறக்குறைய 0.9 மில்லி நொடி முந்தி வரும். முந்தி வருகிற பக்கம்தான் காது சாயும். உங்கள் பாடகி கிட்டத்தட்ட அந்த ஸ்பீக்கருக்குள்ளேயே போய்விடுவார். நடுவில் ஒரு பெட்டி இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் அவர் நடுவில்தான்.

ஈரக்காது:
இருவரும் வேறு வேறு விஷயம் பேசுகிறீர்களோ? பாடகி எங்கே நிற்கிறார் என்பது ஒன்று. அரங்கமே நம்மைச் சூழ்ந்திருக்கிற உணர்வு இன்னொன்று. அது பக்கவாட்டுச் சுவர்களில் பட்டு வரும் எதிரொலியால் வருவது. சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் பெட்டியும் வைக்கும் 5.1 அமைப்பில் பின் ஸ்பீக்கர்களை நேர் எதிரிலிருந்து 110 பாகை வாக்கில் வைப்பது இதற்காகத்தான். இதில் எதை நாம் "இடம்" என்கிறோம்?

வால்வுராசா:
ஈரக்காது, அதை அப்புறம் பார்க்கலாம். நான் ஏன் நாற்காலியை நகர்த்த வேண்டும்? கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து ஓரத்துக்கா போவார்?

சென்டர்சாமி:
போனாலும் பாடகி மேடையில் இருந்த இடத்திலேயே இருப்பார். உங்கள் வீட்டில் மட்டும்தான் அவர் உங்கள் பின்னாலேயே நடந்து வருகிறார்.

மோனோமுனி:
அடி சக்கை. ஒரே ஸ்பீக்கர் வைத்திருக்கும் எனக்கு இந்தக் கவலையே இல்லை.

வால்வுராசா:
முனி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதீர். சாமி சொல்லும் அந்த நடுப்பெட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். டிவிக்குக் கீழே, தரையோடு, குப்புறப் படுத்த மாதிரி. பக்கத்து இரண்டும் வேறு கம்பெனி. பாடகி மேசைக்கு அடியிலிருந்து ஜலதோஷத்தோடு பாடுகிறார்! காபி மட்டும் நன்றாக இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

சென்டர்சாமி:
என் காபியை இழுக்காதீர்கள். உங்கள் பாடகிக்கு 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறதே, அதற்குப் பதில் என்ன? இடது ஸ்பீக்கர் வலது காதுக்கும் கேட்கும், கால் மில்லி நொடி பிந்தி. இரண்டும் மோதி அந்த இடத்தில் குரல் இளைக்கும். நடுவில் நிஜமாகவே பெட்டி இருந்தால் இந்த வம்பே கிடையாது. சரி, போன வருடம் என் தலையில் கட்டினீர்களே ஒரு ஆம்ப்ளிஃபயர், அது இன்னும் ஹம் அடிக்கிறது. அதுவும் நடுவிலிருந்துதான் வருகிறது.

வால்வுராசா:
எர்த் சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேன். பள்ளமாம் பள்ளம்! இரண்டு ஒலியும் இரண்டு காதுக்கும் போய்க் கலப்பதால்தானே, தாழ்ந்த அதிர்வெண்களில் சத்த அளவின் வித்தியாசம், காது திசை கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் கால வித்தியாசமாக மாறுகிறது? பிளம்லைன் நம்பியதே அந்தக் கலப்பைத்தான். குறை என்று நீங்கள் சொல்வதுதான் அங்கே வேலையே செய்கிறது. இரண்டு பெட்டி. நடுவில் ஆள். நடுவில் பெட்டி இல்லை. எத்தனை தடவை எழுதுவது?

ஈரக்காது:
அந்த 110 பாகை...

சென்டர்சாமி:
மூன்று. 1933. மூன்று.

வால்வுராசா:
1931 முந்தியா, 1933 முந்தியா? அதையாவது சொல்லுங்கள், தம்பி.