பாட்டியின் பழுப்பு நிற பெடிகிரீ பொம்மை: வண்டிப்பெரியாற்று ஈரத்தில் எப்படிக் காப்பது?

கேள்வி (வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்)

வணக்கம். என் பாட்டி தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். 1958இல் துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, அவர் வளர்த்த குழந்தையின் இரண்டு பொம்மைகளில் ஒன்றை அவரிடம் விட்டுச் சென்றார்கள். வெள்ளைப் பொம்மை கப்பலேறியது, பழுப்புப் பொம்மை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு வந்தது. சுருட்டை முடி, படுக்க வைத்தால் மூடும் கண்கள், ஏறத்தாழ 20 அங்குல உயரம். பிடரியில் ‘பெடிகிரீ, மேட் இன் இங்கிலாந்து’ என்று, அதைச் செய்த ஆங்கிலேயப் பொம்மை நிறுவனத்தின் பெயர் பதிந்திருக்கிறது. “இது என் நிறத்துப் பிள்ளை” என்று பாட்டி சொல்வார். அம்மாவும் பிறகு நானும் அதன் தலையைத் தடவித்தான் வளர்ந்தோம்.

பாட்டி சென்ற ஆண்டு காலமானார். தகரப் பெட்டியைத் திறந்தபோது, நாங்கள் இங்கே விநாகிரி என்று சொல்லும் வினிகரின் வாடை முகத்தில் அடித்தது. தொடை பிசுபிசுக்கிறது, கண்ணோரம் துருக்கறை இறங்கியிருக்கிறது, கவுன் பழுத்து இற்றுப் போயிருக்கிறது. பொம்மை பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டியதில், தின்னரால் துடைத்து, “கொஞ்சம் வெளுப்பாக” பெயிண்ட் அடித்தால் புதியதுபோல் ஆகிவிடும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை எப்படிக் காப்பது? இதே காலத்துக் கறுப்புப் பொம்மைகளை மேலும் சேர்க்கவும் விரும்புகிறேன்.

மறுமொழி 1 (கொல்லங்கோடு, பாலக்காடு மாவட்டம்)

சகோதரி, முதலில் அந்தத் தின்னரைத் தொடவே விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பழைய கடினப் பிளாஸ்டிக் சிதைவதைக் காட்டுகின்றன. ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வினிகர் வாடை அதுதான். வெளியேறிய அமிலம் மூடிய பெட்டிக்குள் தங்கி, மேலும் சிதைவைத் தூண்டுகிறது, கண்ணின் உலோகப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது, துணியை அரிக்கிறது, அருகில் அதே வகைப் பொம்மை இருந்தால் அதையும் கெடுக்கிறது. பாட்டி பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்த பெட்டியே அதற்குப் பகையாகிவிட்டது என்பது வருத்தமான உண்மை.

இதை முற்றிலும் குணப்படுத்த வழியில்லை, வேகத்தைக் குறைக்கலாம். கவுனைக் கழற்றித் தனியே வையுங்கள். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றி, கசிந்திருப்பதை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், அமிலத்தை ஈர்க்கும் கரித்துண்டுகள் நிரப்பிய துணி முடிச்சுகளை அருகில் வைத்து, மற்ற பொம்மைகளிலிருந்து விலக்கி வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். 50 விழுக்காட்டுக்கு மேல் போகாதிருப்பது நல்லது. பருவமழை மாதங்களில் உங்கள் ஊரில் இது நடவாது. பெட்டியை மூடினால் அமிலம் தங்கும், திறந்தால் ஈரம் ஏறும். மலைக்குக் கீழே, ஈரம் குறைந்த கம்பம் பள்ளத்தாக்கில் உறவினர் யாரேனும் இருந்தால் அங்கே அனுப்பிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, நிறத்தைத் தவிர வேறெதிலும் வேறுபடாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையையே காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவர்களின் ஆய்வையும் சுட்டியது. “என் நிறத்துப் பிள்ளை” என்று உங்கள் பாட்டி சொன்னது எவ்வளவு பெரிய சொல் என்று இப்போது பாருங்கள். அதன்மேல் வெளுப்பு அடிப்பதை நான் அழிப்பு என்றே சொல்வேன். தோள் மூட்டின் உள்பக்கம் விளக்கடித்துப் பாருங்கள்: பிளாஸ்டிக்கே பழுப்பா, மேல் பூச்சா என்று தெரியும்.

சேர்ப்பதற்கு, அக்காலத்துக் கறுப்புப் பொம்மைகள் பல வெள்ளைப் பொம்மையின் அச்சிலேயே வார்த்து நிறம் மாற்றப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். பெடிகிரீயும் அப்படிச் செய்தது. விதிவிலக்குகளைத் தேடுவதில்தான் சுவை இருக்கிறது. கறுப்பினக் கேலிச்சித்திரக்காரர் ஜாக்கி ஓர்ம்ஸ் படைத்த சிறுமியை வைத்து 1947இல் வந்த பேட்டி-ஜோ (Patty-Jo), கறுப்பினக் குழந்தைகளின் முகங்களைப் பார்த்துச் செதுக்கி ஐடியல் நிறுவனம் 1951இல் வெளியிட்ட சாராலீ, லாஸ் ஏஞ்சலிசில் கறுப்பினத்தவரே நடத்திய ஷிண்டானா நிறுவனத்தின் 1968ஆம் ஆண்டு பேபி நான்சி ஆகியவை அத்தகையவை.

மறுமொழி 2 (நகரி, ஆந்திரம்)

மேலே ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன், கம்பம் யோசனையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஈரத்தைப் போலவே வெப்பமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். எங்கள் ஊர்க் கோடையில், கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருந்த பரணில் நான் வைத்திருந்த வினைல் பொம்மைகள் இரண்டே ஆண்டுகளில் பிசின்போல் ஒட்ட ஆரம்பித்தன. வினைலை இளக்கமாக வைக்கும் எண்ணெய்ப் பொருள் மேலே கசிந்துவிட்டது. பித்தளைக் கம்மல் பட்ட காதுகளில் பச்சைக் கறையும் ஏறிவிட்டது. ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே இடம் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, கொலு பொம்மைப் பழக்கத்தில் அந்துருண்டை போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். செம்மர மரப்பாச்சிக்கு அது கேடு செய்யாமல் இருக்கலாம். அதன் ஆவி பழைய பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பாட்டிமார்களின் மற்றொரு பழக்கம் இன்றும் சரியானது: பலமுறை துவைத்துக் கஞ்சி முழுவதும் போன வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுவது. கவுனை அப்படிச் சுற்றுங்கள், மடிப்பு விழாமல். தோய்க்க வேண்டாம், அமிலம் தின்ற இழை தண்ணீரில் பிரிந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. பெட்டியின் மூலையில் நான்கு அந்துருண்டைகள் இருந்தன, எடுத்துவிட்டேன். கம்பத்தில் என் சித்தி ஓட்டு வீட்டில் இருக்கிறார், நடு அறையில் வெயில் படாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் பொம்மையை அங்கே கொண்டுபோய், மழைக்காலம் முடிந்ததும் திரும்ப எடுத்துவந்து, கோடையில் மலைக்குளிர்ச்சியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். வெயிலுக்குத் தோட்டமும் மழைக்குக் கம்பமுமாகப் பாட்டியும் தன் கடைசி ஆண்டுகளில் இப்படித்தான் இருந்தார்.

தோள் மூட்டில் விளக்கடித்தும் பார்த்தேன். உள்ளேயும் அதே பழுப்புதான்.